உள்பக்கம் வெளுத்த கண்ணாடி

அக்டோபர் 14, செவ்வாய்

இந்தக் கார் என்னைக் கொல்லாமல் விடாது போலிருக்கிறது. மாலை டியூஷனுக்குக் கிளம்பலாம் என்று ஷெட்டைத் திறந்து வண்டியில் ஏறினால், முன்கண்ணாடி, பின்கண்ணாடி, கதவுக் கண்ணாடி எல்லாம் உள்பக்கம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கைக்குட்டையால் துடைத்தேன். துடைத்த இடம் மறுபடி வெளுத்தது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வண்டியை எடுத்து, முதல் திருப்பத்திலேயே ஒரு பால்காரர் மேல் ஏற்றப் பார்த்தேன். "வாத்தியாரே, கண்ணு தெரியலீன்னா ஊட்டுல இருக்கறது!" என்று கத்தினார். வாத்தியார் என்று தெரிந்தே திட்டுகிறார், அதுதான் வயிற்றெரிச்சல்.

குன்னூரில் ஐப்பசி மழைக்குக் கண்ணாடி வெளுப்பது அதிசயமில்லை. ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகல்லவா வெளுக்க வேண்டும்? நான் ஏறுவதற்கு முன்னாலேயே வெளுத்திருக்கிறது. பகல் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில். நடந்து போகிற தூரம்தான், காரை எடுப்பதில்லை. வண்டி சாலை ஓரத்து ஷெட்டில் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. வீடு அதற்கு மேலே, படி ஏறிப் போக வேண்டும். பதினோராம் வகுப்புக்கு ஆவி எப்படிக் குளிர்ந்து நீராகிறது என்று வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். என் வண்டிக்கு எனக்கே விளக்கம் தெரியவில்லை.

மரகதத்திடம் சொன்னேன். "மழைக்காலமில்லீங்களா, அப்படித்தான் இருக்குமுங்க" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். கார் என்றால் என் மனைவிக்கு எப்போதுமே இளக்காரம்தான்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மாத்திரை போட்டேன். போன வருஷம் ஸ்டென்ட் வைத்தபோதே டாக்டர் சொன்னார், பதறக் கூடாது என்று. பதறாமல் இந்த மலையில் எப்படி வண்டி ஓட்டுவது என்று அவர் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம். பி.டி. மாஸ்டர் புகையிலையைத் தேய்க்கச் சொன்னார். தமிழம்மா உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்னார். வணிகவியல்காரர் ஷாம்பு என்றார். மூன்றையும் செய்துவிட்டேன். இப்போது கண்ணாடியும் வெளுக்கிறது, வண்டிக்குள் பொரியல் வாடையும் அடிக்கிறது.

அக்டோபர் 18, சனி

சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய்ப் பெரியண்ணனைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இது மாறாத வழக்கம். அவர்தான் எங்கள் வீட்டுப் பெரியவர். பக்கவாதம் வந்து படுத்த பிறகும் குரல் மட்டும் குறையவில்லை.

மலைப்பாதையில் இறங்கும்போது மழையும் மூடுபனியும் வெளியே. உள்ளே நான் விடும் மூச்சு போதாதென்று மிதியடி ஈரம் வேறு. ஏ.சி.யைப் போட்டு, சூட்டையும் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் பட்டனைத் தள்ளி, எல்லாம் செய்தேன். கொஞ்சம் தெளிந்தது. மரப்பாலத்துக்குக் கிட்ட மறுபடி வெளுத்தது. எதிரே பஸ் ஹாரன் அடித்தது, எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நின்றேன். பஸ் உரசின மாதிரி போயிற்று. மரகதம் பக்கத்தில் கண்ணை இறுக்கி மூடி "முருகா, முருகா" என்றாள். 

பெரியண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வாக்கு வாக்காத்தான இருக்குது?" இருக்கிறது என்றேன்.

இதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், திரும்பத் திரும்ப எழுதப் பிடிக்காது. எனக்கு ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேற்றுச் சாதிப் பையனைப் பதிவாபீசில் கட்டிக்கொண்டு போனாள். அவள் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை. பெரியண்ணன் முன்னால் தலைமுழுகினேன். என் வீட்டு வாசப்படியை அவள் மிதிக்கக் கூடாது என்றேன். அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. மரகதத்தைக் கூப்பிட்டு என் தலைமேல் கை வைக்கச் சொன்னார். "அவ இந்த வாசப்படி மிதிக்க நான் விட மாட்டனுங்க, இவியமேல சத்தியம்" என்று அவளும் சொன்னாள். அவ்வளவுதான், முடிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் தூரத்திலிருந்து பார்த்தேன். அருவங்காட்டில் வீடு பிடித்து வந்துவிட்டார்களாம். வயிறு மேடிட்டிருந்தது. நான் பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்து இருமல் மாத்திரை வாங்கினேன். எனக்கு இருமல் இல்லை.

அக்டோபர் 20, தீபாவளி

மரகதம் அதிரசம் ஒரு டப்பா நிறையச் சுட்டாள். எனக்குச் சர்க்கரை ஆகாது, அவள் இனிப்பே தொடுவதில்லை. டப்பா இன்று சாயங்காலமே காலி. கேட்டதற்கு எறும்பு என்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

வண்டியைப் பெஞ்சமினிடம் விட்டேன். பதினைந்து வருஷமாகப் பழக்கமான மெக்கானிக். முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துவாரத்தில் சவுக்கு இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றான். இலையை எடுத்தான். மிதியடியைக் கழற்றிக் காய வைத்தான். கதவு ரப்பரையும் மாற்றினான்.

"இத்தனை ஈரம் எப்படி சார்? உள்ள யாராச்சும் குடி வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அந்தாளுக்கு வேற பேச்சே இல்லீங்களா?" என்று சிடுசிடுத்தாள்.

அக்டோபர் 27, திங்கள்

மூன்று நாள் வண்டி சுத்தமாக இருந்தது. சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய்விட்டோம், ஞாயிறு நானே வீட்டில் இருந்தேன். இன்று மாலை பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. கண்ணாடியெல்லாம் பழையபடி வெளுத்துக் கிடக்கிறது.

கல்லுப்பைத் துணியில் மூட்டை கட்டிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன், ஈரத்தை இழுக்கும் என்று. உப்பு கசிந்து சீட்டுக்கு அடியில் குளம் கட்டியிருக்கிறது. ஷெட் தரையும் ஈரம். மழைத்தண்ணீர் என்று பார்த்தால் தரையில் வெள்ளையாகச் சோப்பு நுரை காய்ந்த தடம்.

வண்டிக்குள் ஒரு வாசனை. பூண்டுக் குழம்பு வாசனை ஒன்று. இன்னொன்று என்னவென்று பிடிபடவில்லை. ஏதோ வேரைச் சுட்ட மாதிரி. எங்கேயோ நன்றாகப் பழகின வாசனை. இரவு சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேஸ் சிலிண்டர் இந்த மாதம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

வசம்பு.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று மேட்டுப்பாளையம் போய் வந்தோம். பர்லியாறு தாண்டியதும் கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. பின்பக்க இடது கண்ணாடியைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் படலத்துக்கு நடுவில் ஒரு அடையாளம். என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மேலே சின்னச் சின்னதாக ஐந்து புள்ளி, கீழே உள்வளைந்த ஒரு தடம். கிருஷ்ண ஜெயந்திக்கு எதிர்வீட்டு வாசலில் மாவில் போடுவார்களே, அது மாதிரி.

வண்டியை ஓரங்கட்டித் துடைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஆவி படியப் படிய அதே இடத்தில் அதே அடையாளம். இதற்கு விளக்கம் எனக்குத் தெரியும். எண்ணெய் பட்ட இடத்தில் ஆவி படியாது. லேசாகத் துடைத்தால் எண்ணெய் போகாது.

"குரங்கு உள்ளே வந்திருக்கு. காலை வெச்சிருக்கு பாரு" என்றேன்.

மரகதம் முன்னால் பார்த்தபடியே, "கொரங்காத்தான் இருக்குமுங்க" என்றாள். அவள் மடியிலிருந்த பை கீழே விழுந்தது. குனிந்து எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

குன்னூர்க் குரங்கு பூட்டின காருக்குள் எப்படி வரும், தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டா வரும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஷாம்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். இன்று காலை பக்கெட்டோடு போனேன். மற்ற கண்ணாடிகளைக் கழுவினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பயம் வந்துவிட்டது. பெட்ரோல் முள் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை போட்டேன், சனி ஒரு நாள்தான் ஓட்டினேன். திருட்டு என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கிலோமீட்டரைப் பார்த்தேன். சனிக்கிழமைக்குப் பிறகு அது ஏறவில்லை. வண்டி நகராமல் ஓடியிருக்கிறது. ஷெட்டுக்குள் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியிருக்கிறது. சூடு வேண்டும் என்று யாரோ ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள்.

ஷட்டர் இறக்கியிருக்கும். மழை, குளிர், அக்கம்பக்கத்தார் கண் எல்லாவற்றுக்கும் சேர்த்து இறக்கியிருப்பார்கள். மூடின ஷெட்டில் இன்ஜின் ஓடினால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், தூங்கினால் எழுந்திருக்க முடியாது. பெரிய ஆளுக்கே இப்படி என்றால்.

யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. யாரோ ஒருவர். சாவி வாசலுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது.

சாவியை எடுத்து ஒளித்து வைத்தால்? ஏன் என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்துவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். பெரியண்ணனிடம் வாக்கு வாக்காக இருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது. அடக் கடவுளே, ஒரு கண்ணாடி வெளுத்ததில் ஆரம்பித்தது இது.

நவம்பர் 5, புதன்

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்ன மாதிரி சொன்னேன். "எங்கியோ ஒரு ஊர்ல, ஷெட்டுக்குள்ள கார ஓட விட்டுட்டு உள்ளயே தூங்கிட்டாங்களாம். அத்தனை பேரும் போயிட்டாங்க." அப்படி ஒரு செய்தியும் நான் படிக்கவில்லை.

மரகதம் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எதனாலங்க?"

சொன்னேன். வகுப்பில் சொல்வதைவிட விளக்கமாகச் சொன்னேன். புகை எப்படி உள்ளே சேரும், ரத்தத்தில் என்ன செய்யும், சின்ன உடம்பு என்றால் எவ்வளவு சீக்கிரம் என்று எல்லாம் சொன்னேன். சின்ன உடம்பு என்றதும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"கதவு கொஞ்சம் தொறந்திருந்தா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"எந்தக் கதவு?"

"இல்லீங், பொதுவாக் கேட்டேன்."

"இன்ஜினே போடக் கூடாது. ஷட்டர் முழுசாத் திறந்திருக்கணும். பொதுவாச் சொல்றேன்."

அவள் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

நவம்பர் 8, சனி

பெரியண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அருவங்காட்டுல பையன் பொறந்திருக்கானாமா. உன்ற மக தனியாக் கெடக்கறாளாமா, பிள்ளைக்குத் தண்ணி வாக்கக்கூட ஆளில்லியாமா. மனசு எளகிப்போட்டு எதாச்சும் பண்ணிப்போடாதே. நாஞ் செத்தாலும் நீ எட்டிப் பாக்கக் கூடாது அப்பறம்." மரகதம் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  எனக்குக் காரைப் பற்றித்தான் கவலை.

வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன். வண்டியை விற்றுவிடுகிறேன். வண்டி இல்லாவிட்டால் இன்ஜின் இல்லை, புகை இல்லை. கண்ணாடி வெளுக்கும் பிரச்சினையும் தீர்ந்தது. கோத்தகிரியில் ஒருவர் அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

நவம்பர் 10, திங்கள்

மரகதம் அழுகிறாள். காரைப் பிடிக்காதவள், ஏறினால் முருகா முருகா என்று கத்துகிறவள், விற்க வேண்டாம் என்று அழுகிறாள்.

"இருந்துட்டுப் போவட்டுமுங்க. மழை நிக்கற வரைக்கும் இருக்கட்டுமுங்க. தை மாசம் வித்துக்கலாம்."

"எதுக்கு?"

"நாந் தொடச்சு வெக்கறேன். தெனமும் நீங்க வர்றதுக்குள்ள தொடச்சு வெச்சர்றேன். கண்ணாடி வெளுக்காதுங்க."

 குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 12, புதன்

மழையால் பள்ளி மதியமே விட்டுவிட்டார்கள். திருப்பத்தில் நின்று பார்த்தேன். ஷட்டர் ஒரு முழம் தூக்கியிருந்தது, இன்ஜின் சத்தம் இல்லை. உள்ளே மரகதம் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுதி சேராது, மகளைத் தாலாட்டின காலத்திலும் சேராது. வேறொரு குரல், "அம்மா, அப்பா வர்ற நேரமாச்சா?" என்றது.

டீக்கடைக்குப் போய் ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ குடித்தேன். 

நவம்பர் 13, வியாழன்

ஷட்டருக்கு அடியில் இரண்டு செங்கல்லை வைத்துவிட்டேன். இனி முழுசாக இறங்காது. "பூனை வந்து போகட்டும், எலித் தொல்லை" என்றேன். மரகதம் என் முகத்தையே பார்த்தாள். "சரீங்க" என்றாள். காலையில் குளிர் தாங்க முடியவில்லை. எனக்கே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். ஒன்றரை மாதத்து உடம்பு என்ன செய்யும்?

நவம்பர் 15, சனி

நேற்று எழுத உட்காரவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்று காலையிலிருந்தே பேய் மழை. பத்து மணி வாக்கில் பதினோராம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி ஜன்னலில் மழை படுக்கை வாட்டில் அடித்தது. அப்படி அடித்தால் ஷட்டருக்கு அடியில் சாரல் நேராக உள்ளேதான் போகும் என்று தோன்றிற்று. அந்த நினைப்போடுகூடவே காலையில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மாடிப்படி ஓரத்தில் துளசித் தொட்டிக்கு முட்டுக் கொடுத்து இரண்டு செங்கல் இருந்தது. அது என் செங்கல். காலையில் அது மண்டையில் ஏறவில்லை.

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். ஹெட்மாஸ்டர் வராந்தாவில் ஏதோ கேட்டார். குடை எடுக்கவில்லை. ஸ்டென்ட் வைத்தவன் ஓடக் கூடாது என்பதெல்லாம் அப்போது எங்கே நினைவு வருகிறது?

வீட்டுத் திருப்பத்தில் மரகதம் மாடிப்படியில் வெந்நீர்ப் பக்கெட்டோடு இறங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கெட் கையைவிட்டுப் போயிற்று. படியெல்லாம் ஆவி.

"எப்பப் போட்டே இன்ஜினை?" என்று கத்தினேன்.

"இப்பத்தானுங்க. சாரல் அடிச்சுதுங்க, பையனுக்குச் சளி புடிச்சிருக்குது, கொஞ்ச நேரம் சூடாகட்டும்னு..."  ஒரு பக்கெட் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரமோ, இன்ஜின் அவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று அவளுக்கே தெரியும்.

ஷட்டர் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. தூக்கினேன். புகை முகத்தில் அடித்தது. உள்ளே இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஒரு இடைவெளி இல்லாமல் வெள்ளை. உள்ளே யார், எப்படி இருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. கதவை இழுத்தேன், பூட்டியிருந்தது. தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். "அம்மிணி! அம்மிணி!" என்று கத்தினேன். இரண்டு வருஷமாக அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. உள்ளே அசைவே இல்லை.

மரகதம் எனக்கு முன்னால் ஓடிச் செங்கல்லை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். முன்கதவுக் கண்ணாடியில் ஓங்கிப் போட்டேன். பொலபொலவென்று உதிர்ந்தது. கையை விட்டு முதலில் சாவியைத் திருகினேன். அப்புறம் கதவு.

பின்சீட்டில் சாய்ந்து கிடந்தாள். மார்பில் துணி சுற்றின குழந்தை. உலுக்கினேன். கண்ணைத் திறந்து "அப்பா, தலை வலிக்குதுங்கப்பா" என்றாள், குழறிக் குழறி. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு சாலைக்கு ஓடினேன். மழை அதன் முகத்தில் நேராக விழுந்தது. அது அழவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளங்காலைச் சுண்டினேனாம், "அழுடா, அழுடா சாமி" என்று கெஞ்சினேனாம், மரகதம் சொன்னாள். அப்புறம் அவன் அழுதான். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சொல்றதுக்கில்ல சார். வெளிய இருந்து ஒருத்தர் பாத்ததால தப்பிச்சாங்க" என்றார் டாக்டர். அவளைக் கட்டின அந்தப் பையன் வேலையிலிருந்து நனைந்து ஓடி வந்தான். என்னைப் பார்த்ததும் கதவு ஓரத்திலேயே நின்றுவிட்டான். நான் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டேன். உட்கார்ந்தான்.

சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ எங்கள் ஷெட்டுக்கு முன்னால் நின்றது. "நாங்க அப்படியே அருவங்காடு போயிக்கறமுங்க" என்றாள் மகள். நான் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு படி ஏறிவிட்டேன். வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றினாள், காலைத் தூக்கவில்லை. மழை முதுகில் அடித்தது.

"அம்மா உங்க தலைமேல சத்தியம் பண்ணியிருக்குதுங்கப்பா. நா ஷெட்டுக்கு மேல வந்ததே இல்லீங். ஒருக்காக்கூடப் படி ஏறலீங்."

மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போன வருஷம் ஒருக்கா, ஒரே ஒருக்கா, இவகூடப் போன்ல பேசுனனுங்க. அந்த வாரமே உங்களுக்கு நெஞ்சு வலி வந்துபோச்சு. பேசுனதுக்கே அப்படின்னா மிதிச்சா என்னாகுமோன்னு பயமுங்க எனக்கு. ஷெட்டுக்கு வாசப்படி இல்லீங்களே. அதனாலதானுங்க இவளை அங்க வரச் சொல்லித் தண்ணி வாத்து, சோறு போட்டு..."

இத்தனை நாள் நான் என்னவோ அவள் என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் உயிருக்குப் பயந்து குளிரில், புகையில், ஒரு பக்கெட் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், என்ன இப்போது?

"சத்தியம் யாரு தலைமேல?" என்று கேட்டேன்.

"உங்க தலைமேலதானுங்க."

"என்ற தலைதான? நாஞ் சொல்றேன்." குழந்தையை மரகதத்திடம் கொடுத்துவிட்டு மகளின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. "நல்லா மிதிச்சு உள்ள வா, தாரணி."

மிதித்தாள். மரகதம் அப்போதும் என் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டுதான் இருந்தது, கொஞ்சம் வேகமாக.

இன்று சனிக்கிழமை. மேட்டுப்பாளையம் போகவில்லை. பெரியண்ணன் போன் செய்தார். நானே எடுத்து, நானே சொன்னேன். பேசி முடிக்கும் முன்னால் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடுவாரா தெரியவில்லை. வலிக்கிறது. ஆனால் உள்ளறையில் அவன் அழ ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கோத்தகிரிக்காரர் வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். "இப்ப ஆவி படியுதுங்களா சார்?" என்றார். கதவுக் கண்ணாடி போய்க் காற்றாடுகிற வண்டியில் எங்கே படியும்? விற்கவில்லை என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். பின்பக்க இடது கண்ணாடி உடையவில்லை. நல்லவேளை.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். தாய்மாமன் இல்லாத வீடு, அப்புச்சியான நான்தான் வைக்க வேண்டும் என்று மருமகன் சொன்னான். இந்தப் பக்கத்து முறையெல்லாம் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறான். யோசிக்கிறேன். அவசரப்பட்டுத் தப்பான பெயர் வைத்துவிடக் கூடாதே என்று அது வேறு கவலை.

காலையில் எழுந்து பார்த்தால் அடுப்படி ஜன்னல், கூடத்து ஜன்னல், எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் வெளுத்திருந்தது. அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பழக்கதோஷம், துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன்.

"இருக்கட்டுமுங்க, சாமிக்குத் தண்ணி வாத்து முடியட்டும்" என்றாள் மரகதம், நீட்டின காலில் குழந்தையைக் கிடத்தியபடி.

துணியைக் கொடியில் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்ற அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.